ரௌனக் டாக்கீஸை ஆம்பூர் பார்ட்டிக்கே கொடுத்துவிடு

786

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம்

திருப்பத்தூரில் ரௌனக் டாக்கீஸைக் காத்துக்கொண்டிருக்கும் அன்பு மச்சான் கலீமுல்லாவுக்கு, உன் அக்காள் புருஷன் சர்தார் பாஷா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். என் வீட்டு எஜமானி, உன் ஆபா அஜீஸுன்னிசாவுக்குச் சுகர் கொஞ்சம் கம்மியாகியிருக்கிறது, கோபம் கொஞ்சம் ஜாஸ்தியாகியிருக்கிறது, ரெண்டையும் கழித்துப் பார்த்தால் அவளும் சுகம். மகள் முபஷ்ஷிரா பி.எட். கடைசி வருஷம், படிப்பு போனிலா புத்தகத்திலா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. என் முழங்கால் மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் வலிக்கிறது, ஆகவே நான் மாடிப்படியைப் பார்ப்பதில்லை. அங்கே உன் மனைவி ஹலீமா பீயும் பிள்ளைகளும் இந்த அளவுக்காவது சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் தியேட்டர் பேச்சை எடுத்தால் ரெண்டாவது வாக்கியத்திலேயே நீ அழுதுவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினால் உன் ஆபா கேட்டுவிடுவாள். நீ தியேட்டரை விற்கப்போகும் சேதி அவள் காதுக்குப் போகக்கூடாது என்று நீதான் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாய். நம் குடும்பத்தில் பாசம் உருதுவில், வியாபாரம் தமிழில். இது வியாபாரம், ஆகவே தமிழ். நாளைக் காலை கூரியரில் போடுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துவிடு.

போன வாரம் நீ என்ன கேட்டாய் என்பதை நீயே மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. "தூலாபாய், எனக்கு அந்த எடத்து மேல பாசம், அதனால கணக்கு வரமாட்டேங்குது. நீங்க வியாபாரி. ஒரு நல்ல தியேட்டரா பாத்து ஒரு தடவ போய்ட்டு வந்து சொல்லுங்க. ஜனங்க இனிமே துணி மாத்திக்கிட்டு, வீட்டப் பூட்டிக்கிட்டு, காசு குடுத்து சினிமாவுக்கு வர்றது நடக்குமா நடக்காதா? நடக்காதுன்னு நீங்க சொல்லிட்டா வியாழக்கிழமையே கையெழுத்துப் போட்டுடறேன்" என்றாய். நியாயமான கேள்வி. உன் ரௌனக்கில் போன மாசம் மேட்னிக்கு ஒன்பது பேர் வந்தார்கள், அதிலும் ரெண்டு பேர் வெயிலுக்கு ஒதுங்கியவர்கள் என்று நீயே சொன்னாய். ரௌனக் என்றால் களை கட்டுவது. ஒன்பது பேரை வைத்துக்கொண்டு எந்தக் களையைக் கட்டுவது?

வாங்கப்போகிற ஆம்பூர் பார்ட்டியைப் பற்றி உனக்குக் கவலையே வேண்டாம். எனக்கு மிக நன்றாகத் தெரிந்தவர். வயசும் என் வயசுதான். தொழுகை தவறாதவர். தோல் ஸ்டாக் வைக்க உயரமான கூரையுள்ள கட்டடம் தேடுகிறார், தியேட்டர் கூரையைவிட உயரம் எங்கே கிடைக்கும்? பெயரை வியாழக்கிழமை வரை சொல்ல வேண்டாம் என்கிறார், கூச்ச சுபாவம். ஆள் பார்ப்பதற்கும் லட்சணமாக இருப்பார் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

சரி, போய்வந்த கதைக்கு வருகிறேன். நான் சைக்கிளில் தோல் துண்டு பொறுக்கி விற்ற காலத்திலிருந்தே ஒரு சரக்கைத் தொட்டுப் பார்க்காமல் அபிப்பிராயம் சொன்னதில்லை. ஆகவே வேலூரில் புதுசாகக் கட்டியிருக்கும் ஒரு தியேட்டருக்கு, ஞாயிறு பதினோரு மணிக் காட்சிக்கு, நான், உன் ஆபா, முபஷ்ஷிரா மூன்று பேர் போவது என்று முடிவு செய்தேன். டிக்கெட்டைப் போனில்தான் எடுக்க வேண்டுமாம். எனக்கு அது வராது. நம் கம்பெனியில் டெஸ்பாட்ச் பார்க்கிற மோகனாவைக் கூப்பிட்டு, "மோகனா, மூணு போடு" என்றேன். "மூணா பாய்?" என்றாள். "மூணு" என்றேன். போட்டுவிட்டாள். சனிக்கிழமை பார்த்தால் ஆறு சீட்டு இருக்கிறது. "இன்னாம்மா இது, மூணுதானே சொன்னேன்?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் தப்பு என் மேல் என்று எனக்கே தோன்றிவிட்டது. "பாய், இந்தக் கம்பெனில நான் சேந்து பதினோரு வருஷமாச்சு. இன்னிக்கி வரைக்கும் நீங்க வாயால சொன்ன எந்த நம்பராவது ஒத்தையா இருந்திருக்கா? முந்நூறுன்னா முந்நூறு ஜோடி, அஞ்சுன்னா அஞ்சு ஜோடி. மூணுன்னீங்க. மூணு ஜோடி போட்டேன்" என்றாள். ஷூ வியாபாரம் பண்ணுகிறவன் வாயில் ஒரு எண் வந்தால் அதற்கு ரெண்டு கால் உண்டு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், நான்தான் மறந்துபோனேன். போட்ட டிக்கெட்டைத் தியேட்டர்காரன் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டானாம். வாங்கிய சரக்கை வீணாக்குவது என் பிறவியில் கிடையாது. ஆகவே தண்டனையாக மோகனாவே வர வேண்டும் என்று சொன்னேன், அவள் அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை, அரை மணி நேரத்தில் புதுப் புடவைக்கு மேட்சாகப் பூ வாங்கிவிட்டாள். மீதி ரெண்டுக்கு நம் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் ஜார்ஜும், அவர் சம்சாரம் ஞானசுந்தரியும். ஞானசுந்தரி அம்மா வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ். சனிக்கிழமை நைட் டூட்டி முடித்து நேரே யூனிஃபார்மோடு தியேட்டர் வாசலில் வந்து நின்றார்கள். தனியாக வேவு பார்க்கக் கிளம்பியவன் கடைசியில் ஒரு கல்யாண கோஷ்டி மாதிரி போய் இறங்கினேன்.

வாசலிலேயே வம்பு. உள்ளே சாப்பாடு கொண்டுபோகக்கூடாதாம், அவன் விற்கிற சோளப்பொரியைத்தான் சாப்பிட வேண்டுமாம். (அதன் விலையை எழுதமாட்டேன். ஊரே எழுதிவிட்டது, பொரியும் அப்படியேதான் இருக்கிறது.) உன் ஆபாவுக்கு இது முன்கூட்டியே தெரியும். விடியற்காலையில் எழுந்து பிரியாணியும் எண்ணெய்க் கத்திரிக்காயும் செய்து, இலை வைத்து, நாலு ஷூ டப்பாவில் கட்டி, மேலே நம் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியே கொண்டுவந்திருந்தாள். செக்யூரிட்டி பையைத் திறந்து, "இன்னா பாய் இது?" என்றான். "ஷூ சாம்பிள். மதியம் வேலூர்ல சரக்கு வாங்குற ஒரு பையர பாக்கணும்" என்றேன். அவன் குனிந்து ஒரு தடவை மூச்சு இழுத்தான். "சாம்பிள்ல பட்டை கிராம்பு வாசன வருதே?" "அது வெஜிடபிள் டேனிங், மரப்பட்டைல பதம் பண்ண தோலு" என்றேன். அவசரத்துக்கு நல்ல பதில் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் பாவி வாணியம்பாடிக்காரனாம். "பாய், எங்கப்பா தோல் ஷாப்புல முப்பது வருஷம் இருந்தாரு. டேனிங்ல கத்திரிக்கா வாசன வராது" என்று சொல்லி, நாலு டப்பாவையும் வாங்கி, டோக்கன் கொடுத்து, தன் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டான். உன் ஆபா அவனிடம், "தம்பி, தலகீழா மட்டும் வெக்காதப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்தது சீட். 'ஒரிஜினல் லெதர் சாய்வு இருக்கை' என்று போட்டு அதற்குத் தனியாகக் காசு வாங்கியிருக்கிறான். நாற்பது வருஷம் தோலில் புரண்டவன் நான், உட்கார்ந்ததுமே சந்தேகம் வந்துவிட்டது. விரலால் தேய்த்தேன், நகத்தால் அழுத்தினேன், திருப்தி வரவில்லை. விளக்கு அணைகிற நேரம் பார்த்து எழுந்து திரும்பி மண்டியிட்டு, சாய்மானத்தில் மூக்கை வைத்து நன்றாக முகர்ந்து பார்த்தேன். மச்சான், அசல் ரெக்ஸின். மாடு அந்தப் பக்கம் வந்தே இருக்காது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் என் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். ஞானசுந்தரி அம்மா. "பாய், அசையாதீங்க. நெஞ்சு வலி கைக்கு எறங்குதா?" என்று நாடி பார்க்கிறார்கள். பின் வரிசையில் ஒருவர், "பெரியவர் மயங்கிட்டாரு, காத்து விடுங்கப்பா" என்று எழுந்துவிட்டார். யாரோ தண்ணி தெளித்தார்கள். நான் சீட்டை முகர்ந்தேன் என்று எப்படிச் சொல்வது? மயக்கம்தான் என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்தேன். முகத்தில் தெளித்த தண்ணி சீட்டிலும் முத்து முத்தாக நின்றது, ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. ரெக்ஸின் என்பதற்கு அதைவிட சாட்சி வேண்டாம்.

ஆபத்து நீங்கியதும் ஞானசுந்தரி அம்மா தன் சீட்டைச் சாய்த்தார்கள், படம் ஆரம்பிக்கும் முன்பே தூங்கிப்போனார்கள். ஜார்ஜ் எழுப்பப் பார்த்தார், நான் தடுத்தேன். அப்புறம் அவர் படம் முழுக்க அந்தம்மாவின் முகத்தையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாய், மூணு வருஷமா நைட் ட்யூட்டி. பகல்ல வீட்ல காலிங் பெல், போன், குக்கர் விசில். இவ இப்டி தூங்கி நான் பாத்ததில்ல" என்று மெதுவாகச் சொன்னார். அவ்வளவு வெடிச் சத்தத்தில் தூக்கம் எப்படி வரும் என்று கேட்காதே. வந்தது.

படத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஹீரோ ஒரு ரைஸ்மில் வைத்திருக்கிறான், மில் நொடித்துப்போயிருக்கிறது. வில்லன் அவனுடைய அக்காள் புருஷன். பார்க்கப் பெரிய மனுஷன், வெள்ளைச் சட்டை. "ரைஸ்மில் காலமெல்லாம் போச்சு தம்பி, வித்துடு, ஈரோட்டுப் பார்ட்டி ஒருத்தர் கேக்கறாரு" என்று புத்தி சொல்லிக்கொண்டே இருக்கிறான். அந்த ஈரோட்டுப் பார்ட்டியே இவன்தான். இடைவேளைக்கு முன்பு இந்த ரகசியத்தை நமக்குக் காட்டிவிடுகிறார்கள். கதையில் நம்பகத்தன்மை கொஞ்சமும் இல்லை. குடும்பத்துக்குள் அப்படி நடக்குமா? எழுதியவனுக்கு உலக அனுபவம் போதாது என்று நினைக்கிறேன்.

ஆனால் உன் ஆபா நம்பிவிட்டாள். உனக்குத் தெரியும், வீட்டில் அவள் போனில் படம் பார்க்கிறவள்தான். மூன்று அறையில் மூன்று போன், ஆளாளுக்குக் காதில் பஞ்சு மாதிரி ஒன்றைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவளுக்குச் சிரிப்பு வந்தால் மூக்கால் ஒரு காற்று வரும், அவ்வளவுதான். எத்தனை வருஷமாக அந்தக் காற்றைத்தான் சிரிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே அந்த வெள்ளைச் சட்டைக்காரன் ஈரோட்டுப் பார்ட்டி நான்தான் என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னானோ இல்லையோ, இவள் எழுந்தே நின்றுவிட்டாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ்தான். "அடப்பாவி! பொண்டாட்டி கூடப் பொறந்தவன் சொத்துடா அது! அவ கையால திங்கிற சோறு உனக்கு எப்டிடா எறங்குது?" என்று ஒரு குரல். ஹாலே அதிர்ந்தது. முன் வரிசையில் ஒரு பெண் திரும்பி, "அப்டிக் கேளுங்கக்கா!" என்றாள். விசில். கைதட்டல். நான் கொஞ்சம் கீழே சரிந்து உட்காரலாம் என்று பார்த்தேன், கை தவறி ஏதோ பொத்தானில் பட்டு, சீட் முதுகைப் படுக்கவைத்து ரெண்டு காலையும் மேலே தூக்கிவிட்டது. ஹால் முழுக்க அஜீஸுன்னிசாவைத் திரும்பிப் பார்க்கிறது, பக்கத்தில் அவள் புருஷன் குழந்தை மாதிரி மல்லாந்து கிடக்கிறான். அப்போதுதான் உன் ஆபா சிரித்தாள். மூக்கால் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணி வர, முபஷ்ஷிரா மேல் சாய்ந்து. முபஷ்ஷிரா சிரிக்க, மோகனா சிரிக்க, என்ன ஏது என்று தெரியாத பின் வரிசையும் சிரித்தது. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்றாலும், சத்தம் நன்றாகத்தான் இருந்தது. அது வேறு விஷயம், வியாபாரத்துக்குச் சம்பந்தமில்லை.

பெரிய கூத்து கடைசியில்தான். அந்த அக்காள்காரி கையில் பத்திரத்தோடு வந்து நின்று, "ஈரோட்டுப் பார்ட்டி யாருங்க?" என்று புருஷனைக் கேட்கிறாள். வில்லன் வாயைத் திறக்கிறான். திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. நடிப்பு என்று நினைத்தோம். ரெண்டு நிமிஷம் ஆகியும் மூடவில்லை. மேனேஜர் ஓடி வந்து, மெஷின் ஹேங்க் ஆகிவிட்டது, பத்து நிமிஷம் பொறுங்கள் என்றார். இருபதடி உயரத்துக்கு ஒரு மனுஷனுடைய தொண்டைக்குழியைப் பார்த்துக்கொண்டு இருநூறு பேர் உட்கார்ந்திருந்தோம். சத்தம் நின்றதில் ஞானசுந்தரி அம்மா விழித்தார்கள். கண்ணைத் திறந்ததும் எதிரே அந்த வாய். "டான்சில் ரொம்ப வீங்கியிருக்கே, எந்த பெட்?" என்று எழுந்தார்கள்.

பத்து நிமிஷம் இருபதானது, இருபது நாற்பதானது. நான் வியாபாரி, என் கண் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, யார் முதலில் எழுந்து போகிறான் என்று. ஒருத்தன் போகவில்லை மச்சான். "மன்னிப்புதான் கேப்பான், பாருங்க" என்கிறார் ஒருவர். "எங்க கேப்பான்? அந்த மூஞ்சியப் பாரு, அடுத்த பொய் நாக்கு நுனில நிக்குது" என்கிறாள் முன் வரிசைப் பெண். அவளும் அவள் வீட்டுக்காரனும் காவேரிப்பாக்கத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்களாம். "முடிவு தெரியாம நாங்க எங்க ஊர் ஏரிக்கரைக்குத் திரும்பமாட்டோம்" என்று மேனேஜரிடமே சொல்லிவிட்டாள். மோகனா கை தூக்கச் சொல்லி ஓட்டு எடுத்தாள், திருந்துவான் கட்சிக்கும் திருந்தமாட்டான் கட்சிக்கும் சரி பாதி. ஜார்ஜிடம் கேட்டார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையை ஒரு தோலைப் பார்ப்பது போலப் பார்த்து, "இது ரிஜெக்‌ஷன்தான். ஆனா ரிப்பேர் பண்ணக்கூடிய ரிஜெக்‌ஷன். தூக்கிப் போட வேணாம்" என்று தீர்ப்புச் சொன்னார். நான் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன், ஏசி ஜாஸ்தி.

அப்போது மூலையிலிருந்து ஒருவன், "முடிவ போன்ல எவனாவது போட்ருப்பான், பாத்து சொல்லவா?" என்று கேட்டான். இருநூறு பேரும் ஒரே குரலில், "சொல்லாதே!" என்று கத்தினார்கள். என் மகள் முபஷ்ஷிரா, போனைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறவள், அவள் குரல்தான் அதில் பெரிசு.

கடைசி வரை மெஷின் ஓடவில்லை. இன்னொரு நாள் வாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆக, நான் பார்த்தது இதுதான்: பொய்யான தோல், பிடுங்கிக்கொண்ட சோறு, முகத்தில் தண்ணி, தூக்கிய கால், முடியாத படம். மணி ரெண்டரை, பசி.

டோக்கனைக் கொடுத்து டப்பாவை வாங்கிக்கொண்டு பார்க்கிங்கில் வேனைத் திறந்துவைத்துச் சாப்பிட உட்கார்ந்தோம். செக்யூரிட்டியையும் உன் ஆபா விடவில்லை, "காவல் காத்தவனுக்குப் பங்கு உண்டு, உக்காருப்பா" என்று உட்கார்த்திவிட்டாள். காவேரிப்பாக்கத்துப் பெண்ணும் அவள் வீட்டுக்காரனும் பஸ்ஸுக்குப் போகிறவர்கள், அவர்களையும் கூப்பிட்டுவிட்டாள். இதில் ஒரு சிறு விபத்து. நம் ஆம்பூரில் யார் வீட்டு பீரோவைத் திறந்தாலும் பாதி ஷூ டப்பாதானே, கரண்ட் பில்லும் மருந்துச் சீட்டும் கல்யாணப் பத்திரிகையும் அதில்தான் குடியிருக்கும். பார்ட்டி என்னை நம்பிக் கொடுத்துவைத்திருந்த உன் தியேட்டர் அக்ரிமென்ட் டிராஃப்ட்டும் ஒரு டப்பாவில்தான் இருந்தது. உன் ஆபா எந்த டப்பாவை எடுத்திருக்கிறாள் என்று புரிந்திருக்கும். அடியில் காகிதம் கிடக்கிறது, எண்ணெய் இறங்காது, நல்லதாயிற்று என்று அதன் மேலேயே இலையைப் போட்டிருக்கிறாள். இலை கிழிந்து, எண்ணெய்க் கத்திரிக்காய் ஒன்று வழுக்கிப்போய், வாங்குபவர் பெயர் இருக்கிற இடத்தில் சரியாக உட்கார்ந்துவிட்டது. "இது இன்னா பேப்பர்? ரௌனக்னு போட்ருக்கு" என்றாள். "பழைய பில்லு. ரௌனக் டிரேடர்ஸ்" என்றேன். அவள் கத்திரிக்காயை எடுத்துச் செக்யூரிட்டி இலையில் வைத்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான்.

அந்த டிராஃப்ட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். பெயர் இருந்த இடம் முழுக்க எண்ணெய், ஒன்றும் படிக்க முடியாது. அதுவும் ஒரு விதத்தில் நல்லதுக்குத்தான், பார்ட்டி கூச்ச சுபாவம் என்று சொன்னேனல்லவா.

ஆகவே மச்சான், என் முடிவு இது. சினிமாவுக்குப் போவது இனிமேல் பிரயோஜனம் இல்லை. வீட்டில் உட்கார்ந்தால் படம் நடுவில் நிற்காது, நின்றாலும் தனியாகத்தான் நிற்கும். நீ பாசத்தைப் பார்க்காதே. வியாழக்கிழமை கையெழுத்தைப் போட்டுவிடு. ரௌனக்கின் கூரை ஒரு நல்ல மனுஷனுக்குப் பயன்படட்டும். அல்லாஹ் உனக்கு பரக்கத்தைக் கொடுப்பான், உன் பிள்ளைகளைப் பெரிய ஆளாக்குவான், உன் கண்ணீரையும் கொஞ்சம் நிறுத்துவான். ஹலீமா பீக்கு என் சலாம். பிள்ளைகளுக்கு என் முத்தம். வியாழன் அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் அங்கே இருப்பேன், ஆட்டுக்கால் பாயா இருந்தால் பார்ட்டிக்கும் பிடிக்கும்.

உன் நலத்தைத் தவிர வேறெதையும் நினைக்காத,
சர்தார் பாஷா

பின்குறிப்பு: திங்கட்கிழமை, காலை ஒன்பதரை மணி. மேலே எழுதியது எல்லாம் ரத்து.

கடிதத்தையும் டிராஃப்ட்டையும் ஜன்னலோரம் மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். தோலைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை, காகிதத்தைப் பற்றி ஒன்றே ஒன்று மறந்துபோனேன். எண்ணெய் பட்ட காகிதம் வெளிச்சத்தில் கண்ணாடி. நான் துண்டோடு வருகிறேன், உன் ஆபா அந்தத் தாளை ஜன்னல் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சுற்றி எல்லா எழுத்தும் மங்கல். கத்திரிக்காய் உட்கார்ந்த இடத்தில் மட்டும் 'வாங்குபவர்: சர்தார் பாஷா' என்று, திரையில் பேர் போடுகிற மாதிரி, பளிச்சென்று.

"ரௌனக் டிரேடர்ஸ், இல்ல?" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். திறந்தபடியே நின்றுவிட்டது.

அவள் கத்தவில்லை. நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தாள். "கூரியர் ஆபீஸ் பத்து மணிக்குத் தொறப்பாங்க. அதுக்குள்ள வில்லன் திருந்துறானா இல்லையான்னு பாக்கறேன். நேத்து நாப்பது நிமிஷம் காத்தேன், இன்னிக்கி அர மணி நேரம் காக்கமாட்டேனா?" என்றாள். முதல் பக்கத்தைக் கிழிக்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டாள். "கிழிக்காதீங்க. அவனும் முதல்லர்ந்து படிக்கட்டும்."

ஆமாம் மச்சான், ஆம்பூர் பார்ட்டி நான்தான். லட்சணமாக இருப்பேன் என்று சொல்லிக்கொள்வதும் நான்தான். உன் கூரை மேல் எனக்கு ரெண்டு வருஷமாகக் கண். உன் ஆபாவுக்குப் பயந்து இதை எழுதுகிறேன் என்று நினைப்பாய், முக்கால்வாசி அதுதான். மீதி கால்வாசியைக் கேள். நாற்பது வருஷ வியாபாரத்தில் நான் கண்ட பாடம் ஒன்று: சரக்கு நன்றாக இருந்தால் ஜனம் வருவது பெரிய விஷயமில்லை. கடையில் சரக்கே இல்லை, ஷட்டர் பாதி இறங்கிவிட்டது, அப்போதும் இருநூறு பேர் போகாமல் நின்று, பக்கத்தில் இருப்பவனோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அந்த வியாபாரம் சாகவில்லை. இதை நேற்றே பார்த்தேன், பார்த்துவிட்டு உனக்கு எழுதாமல் மறைத்தேன். போனில் பார்க்கிற படம் இடது கால் ஷூ மட்டும் வாங்கிய மாதிரி. அளவு சரியாகத்தான் இருக்கும், போட்டுக்கொண்டு எங்கேயும் போக முடியாது. ஜோடியின் அடுத்த கால் பக்கத்து சீட்டில் இருக்கிறது.

நீ கேட்ட கேள்விக்கு என் பதில்: நடக்கும். வியாழக்கிழமை கையெழுத்துப் போடாதே. நான் அன்றைக்கு வருகிறேன், வேறு வேலையாக. உன் சீட்டுகளை அளவெடுக்க வேண்டும். என் குடோனில் உண்ணி கடித்த வடுவுள்ள தோல் நிறைய இருக்கிறது, வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்று தள்ளியது. அசல் தோல். இருட்டில் உட்காருகிறவனுக்கு வடு எங்கே தெரியப்போகிறது? திருப்பத்தூர் ரௌனக்கில் தண்ணி தெளித்தால் உள்ளே இறங்க வேண்டும். ஞானசுந்தரி அம்மாவுக்குக் கடைசி வரிசையில் ஒரு சீட்டை மட்டும் நன்றாகச் சாய்கிற மாதிரி வை. பிரியாணி டப்பாவை வாசலில் பிடுங்காதே, அதற்கென்று ஒரு மேஜை போடு.

விற்கப்போவதை மறைத்ததற்காக உன் ஆபா உன்னிடம் தனியாகப் பேசுவாளாம். அதை நான் தடுக்க முடியாது, எனக்கு ஆறுதலாகக்கூட இருக்கிறது.

இன்னொன்று. அந்தப் படத்தை எப்படியாவது வாங்கி முதல் படமாகப் போடு. முடிவை உன் ஆபா வேலூரில் பார்க்கமாட்டாளாம், போனிலும் பார்க்கமாட்டாளாம், தம்பி தியேட்டரில்தான் பார்ப்பாளாம். வில்லன் என்ன சொல்கிறான் என்று எனக்கும் தெரிந்தாக வேண்டும். இப்போதுதான் மோகனா போன் பண்ணினாள். ஸ்டிச்சிங் லைன் பெண்களுக்குக் கதையை அந்தத் திறந்த வாய் வரைக்கும் சொல்லி நிறுத்திவிட்டாளாம், காலையிலிருந்து அவர்கள் மெஷினில் உட்காராமல் இவளைச் சுற்றி நிற்கிறார்களாம்.

எங்களுக்கு முப்பது டிக்கெட் எடுத்து வை. முப்பது என்றால் எத்தனை என்று மோகனாவைக் கேள்.